ஏழு பேர் வண்டியின் பின்னால் எதை மாட்டலாம்?

நாமக்கல்லில் லாரி வாங்கப் போகிறவர் முதலில் கேட்பது, பாஸிங், அதாவது அனுமதிக்கப்பட்ட சுமை, எத்தனை டன் என்றுதான். நிறமும் கேபினும் அதற்குப் பிறகு. 2018 ஜூலையில் மத்திய அரசு அச்சுச் சுமை வரம்பை உயர்த்தியது. நான்கு டயர் பூட்டிய ஒற்றை அச்சுக்கு 10.2 டன்னாக இருந்தது 11.5 டன் ஆயிற்று. அந்த எண்களைச் சங்ககிரியிலும் திருச்செங்கோட்டிலும் தூக்கத்தில் எழுப்பிக் கேட்டாலும் சொல்லும் ஆட்கள் இருக்கிறார்கள். டேங்கர், டிரெய்லர், போர்வெல் வண்டி என்று கனத்தை வைத்தே பிழைக்கும் வட்டாரம் இது.

அதே வீட்டு வாசலில் ஓர் எர்டிகாவோ இன்னோவாவோ நிற்கும். அதற்கு எத்தனை கிலோ பாஸிங் என்று கேட்டால் பதில் வராது. "டீசல் வண்டிங்க, எதுன்னாலும் இழுக்கும்" என்பார்கள். தோட்டத்துக்கு ஒரு ஜெனரேட்டர் கொண்டுபோக வேண்டும், பவர் டில்லரைப் பட்டறைக்குக் கொண்டுபோக வேண்டும், தள்ளுவண்டிக் கடையை ஊருக்கு ஊர் நகர்த்த வேண்டும் என்று வரும்போது, பின்னால் ஒரு கொக்கி அடித்துச் சின்ன டிரெய்லர் மாட்டிவிடலாம் என்ற யோசனை எழுவது இந்த நம்பிக்கையால்தான். அந்த யோசனையைச் செயலாக்கும் முன் போட வேண்டிய கணக்குதான் இந்த அத்தியாயம்.

எஞ்சின் இழுத்துவிடும் என்பதை ஒப்புக்கொள்வோம். சமதரையில் ஒரு டன் பாரத்தை உருட்டுவதற்கு இன்றைய 1.5 லிட்டர் எஞ்சினே போதும். ஆனால் இழுவை வரம்பை எஞ்சின் மட்டும் தீர்மானிப்பதில்லை. பிரேக், பின்னச்சு, டயர், கிளச், கியர் எண்ணெயின் சூடு, கொக்கி பிடித்திருக்கும் தகடு ஆகிய எல்லாவற்றிலும் எது முதலில் தோற்குமோ அதுதான் வரம்பு. பெரும்பாலும் எஞ்சின் கடைசியாகத்தான் தோற்கும். அதனால்தான் ஓட்டுபவருக்கு எல்லாம் சரியாக இருப்பதாகவே தோன்றிக்கொண்டிருக்கும்.

அட்டையில் இருக்கும் எண், கையேட்டில் இல்லாத எண்

ஆர்சி அட்டையை எடுத்துப் பாருங்கள். வெற்று எடை கிலோவில் இருக்கும். மொத்த எடை, அதாவது ஆளும் பொருளும் ஏறிய பிறகு வண்டி தாண்டக் கூடாத எடை, அட்டையில் இல்லாவிட்டால் கையேட்டில் கட்டாயம் இருக்கும். இந்த இரண்டின் வித்தியாசம்தான் நீங்கள் ஏற்றக்கூடிய பாரம். 1988ஆம் ஆண்டின் மோட்டார் வாகனச் சட்டம் 113ஆம் பிரிவில், பதிவுச் சான்றில் குறித்த மொத்த எடையைத் தாண்டி எந்த மோட்டார் வாகனத்தையும், எந்த டிரெய்லரையும் ஓட்டக் கூடாது என்கிறது. லாரிக்கு மட்டும் சொன்னது என்று பலரும் நினைத்துக்கொண்டிருக்கிறார்கள். 2019 திருத்தத்துக்குப் பிறகு 194ஆம் பிரிவின்படி அபராதம் 20,000 ரூபாய், அதற்கு மேல் கூடுதலாக உள்ள ஒவ்வொரு டன்னுக்கும் 2,000 ரூபாய்.

இழுவைக்கு இன்னும் இரண்டு எண்கள் தேவை. ஒன்று, டிரெய்லரின் அதிகபட்ச எடை. மற்றொன்று, வண்டியும் டிரெய்லரும் சேர்ந்த கூட்டு எடை. நம் ஊரில் விற்கும் குடும்ப வண்டிகளின் கையேட்டில் இவற்றைத் தேடினால் பெரும்பாலும் கிடைக்காது. சில கையேடுகள் டிரெய்லர் இழுக்க இந்த வண்டியைப் பரிந்துரைக்கவில்லை என்று நேராகச் சொல்லிவிடும். சிலவற்றில் பேச்சே இருக்காது. பேச்சு இல்லாததை அனுமதி என்று எடுத்துக்கொள்வதுதான் இங்கே நடக்கும் பெரிய தவறு. எண் தரப்படாத வண்டியின் இழுவைத் திறன் பூஜ்யம் என்று வைத்துக்கொள்ளுங்கள். என் கருத்து மட்டுமல்ல இது. கியர்பாக்ஸ் போனாலோ அச்சு வளைந்தாலோ வாரண்டி கேட்டுப் போகும்போது கவுன்டரில் எதிர்ப்படப்போவதும் இதே கணக்குதான்.

"அமெரிக்காவில் இதே மாதிரி வண்டி ஒன்றரை டன் இழுக்குதே" என்று வீடியோ காட்டுவார்கள். உண்மைதான். அங்கே விற்கும் டொயோட்டா சியன்னா, ஹோண்டா ஒடிசி ஆகிய குடும்ப வண்டிகளுக்கு 3,500 பவுண்டு, ஏறக்குறைய 1,590 கிலோ இழுவை என்று நிறுவனமே எழுதித் தருகிறது. ஆனால் அவை நம் எர்டிகாவைப் போல ஒன்றரை மடங்குக்கு மேல் கனமுள்ள, இரண்டு மடங்குக்கு மேல் குதிரைத்திறன் உள்ள வண்டிகள். அந்த எண் எப்படி வருகிறது என்பதையும் தெரிந்துகொள்வது நல்லது. அங்குள்ள பொறியாளர் சங்கத்தின் ஜே2807 என்ற முறைப்படி, அரிசோனா மாநிலத்தில் டேவிஸ் அணைக்கு அருகே உள்ள மேட்டுச் சாலையை அளவுகோலாக வைத்துக்கொள்கிறார்கள். நீளம் 11.4 மைல், சுமார் 18 கிலோமீட்டர். வெயில் குறைந்தது 38 டிகிரி செல்சியஸ், ஏசி முழு வேகத்தில். பாரத்தோடு ஏறும்போது வேகம் மணிக்கு 64 கிலோமீட்டருக்குக் கீழே இறங்கக் கூடாது. எதுவும் கொதிக்கவோ உடையவோ கூடாது. அதைத் தாங்கிய பிறகுதான் எண்.

38 டிகிரி என்பது சேலத்துக்குச் சித்திரை மாதத்துச் சாதாரண மதியம். அப்படி ஒரு சோதனையில் தேறியதாக யாரும் எழுதித் தராத வண்டியை அதே வெயிலில் அதே வேலைக்குப் பூட்டுகிறோம் என்பதை நினைவில் வையுங்கள். ஒரே பெயரில் வெளிநாட்டில் விற்கும் வண்டிக்கு அங்கே இழுவை எண் இருந்தாலும் அது இங்குள்ள வண்டிக்குப் பொருந்தாது. எஞ்சின் வேறு, ரேடியேட்டர் வேறு, கியர் விகிதம் வேறு, கியர் எண்ணெயைக் குளிர்விக்கும் தனிக் கூலர் இங்கே இருக்காமலும் போகலாம்.

குலதெய்வம் கோயிலுக்குப் போகும் நாளில்

ஒரு கணக்கைப் போட்டுப் பார்ப்போம். வெற்று எடை 1,200 கிலோ, மொத்த எடை 1,780 கிலோ உள்ள ஏழு இருக்கை வண்டி. மீதி 580 கிலோ. இது தாராளமாகத் தோன்றும்.

தாத்தா, பாட்டி, கணவன், மனைவி, கொழுந்தன், இரண்டு வளர்ந்த பிள்ளைகள். ஆளுக்குச் சராசரி 60 கிலோ என்றால் 420. மீதி 160. மேலே கேரியர் பூட்டியிருந்தால் அது மட்டும் 25 கிலோ, மீதி 135. பொங்கல் வைக்கும் பாத்திரமும் அடுப்பும் 40, ஒரு சிப்பம் அரிசி 25, இருபது லிட்டர் தண்ணீர் கேன் இரண்டு 42, துணிப் பைகள் 20. கூட்டினால் 127. மிச்சம் 8 கிலோ. டிரெய்லரைப் பற்றி இன்னும் பேசவே ஆரம்பிக்கவில்லை.

இப்போது பின்னால் பாரத்தோடு 500 கிலோ எடையுள்ள டிரெய்லரை மாட்டுங்கள். நன்றாக அடுக்கிய டிரெய்லர் தன் எடையில் பத்தில் ஒரு பங்கைக் கொக்கியின் மேல் அழுத்த வேண்டும், 50 கிலோ. அந்த 50 கிலோ உங்கள் வண்டி சுமக்கும் பாரம். 580க்குள் அதற்கும் இடம் இருக்க வேண்டும். மிச்சமோ 8. வரம்பை 42 கிலோ தாண்டிவிட்டீர்கள். வண்டி அதைக் காட்டிக்கொடுக்காது. கொஞ்சம் பின்னால் தாழ்ந்து நிற்கும், அவ்வளவுதான்.

இழுவைத் திறன் என்பது நிலையான ஓர் எண் இல்லை என்பது இதில் தெரியும். உள்ளே ஒருவர் ஏறினால் வெளியே அவ்வளவு குறைய வேண்டும். வெளிநாட்டுக் கையேடுகளிலேயே, இத்தனை பேர் இருந்தால் டிரெய்லர் இத்தனை கிலோ என்று ஆள் எண்ணிக்கையை வைத்து அட்டவணை போடுகிறார்கள். முழுக் குடும்பத்தையும் ஏற்றிக்கொண்டு முழு டிரெய்லரையும் இழுக்கலாம் என்று அவை சொல்வதில்லை.

சிஎன்ஜி பொருத்திய வண்டியாக இருந்தால் உருளையும் அதைத் தாங்கும் சட்டமும் சேர்ந்து எண்பது கிலோவுக்குக் குறையாது. அது முழுக்கப் பின்னச்சின் மேல் உட்காரும். வெளியே பொருத்திய கிட் என்றால் ஆர்சியில் வெற்று எடை திருத்தப்பட்டிருக்கிறதா என்றும் பாருங்கள்.

எடை மேடை

காகிதக் கணக்கைவிட நல்லது ஒன்று இந்த வட்டாரத்தில் ஒவ்வொரு ஊர் முனையிலும் இருக்கிறது. தீவன ஆலை, ஜவ்வரிசி ஆலை, மக்காச்சோள மண்டி என்று எங்கே லாரி போகிறதோ அங்கே எடை மேடை உண்டு. ஒரு பயணத்துக்கு எப்படி ஏற்றுவீர்களோ அப்படியே முழுக்க ஏற்றி, ஆட்களையும் உட்காரவைத்து, ஒரு முறை அதில் ஏறிவிட்டு வாருங்கள். சென்னையிலோ பெங்களூரிலோ வண்டி வைத்திருப்பவர் இதற்கு எங்கே போவார் என்று தெரியவில்லை. நமக்கு நடந்து போகும் தூரத்தில் இருக்கிறது, நாம் பயன்படுத்துவதில்லை.

மேடைக்காரர் வழக்கப்படி, "எல்லாரும் இறங்கிக்கோங்க சார்" என்பார். லாரிக்கு அப்படித்தான். "இல்லீங்கண்ணா, ஆளோட எடைதான் வேணும்" என்று சொல்லிவிடுங்கள். நான்கு சக்கரமும் தட்டின் மேல் நிற்க முதல் சீட்டு. பிறகு மெதுவாக முன்னால் நகர்த்தி, முன்சக்கரங்கள் தட்டைவிட்டு இறங்கித் தரையில் நிற்கும்படி, பின்சக்கரங்கள் மட்டும் மேலே இருக்கும்படி நிறுத்தி இரண்டாவது சீட்டு. மொத்தத்தில் அதைக் கழித்தால் முன்னச்சின் எடை. பெரிய மேடைகளில் எண் 5 அல்லது 10 கிலோ படியாகத்தான் மாறும். நம் வேலைக்கு அது போதும்.

பின்னச்சுச் சீட்டுத்தான் முக்கியமானது. மொத்த எடை வரம்புக்குள் இருந்தும் பின்னச்சு வரம்பைத் தாண்டியிருக்கும் வண்டிகள் உண்டு; மூன்றாவது வரிசையில் பெரியவர்களை உட்காரவைத்து, அதற்குப் பின்னால் அரிசியையும் தண்ணீரையும் அடுக்கினால் அப்படித்தான் ஆகும். அந்த எண்ணை எடுத்துக்கொண்டு டயரின் பக்கச்சுவரைப் பாருங்கள். 185/65 ஆர்15 88எச் என்று இருந்தால், 88 என்பது சுமைக் குறியீடு. ஒரு டயர் 560 கிலோ தாங்கும் என்று பொருள். 91 என்றால் 615, 94 என்றால் 670. பின்பக்க இரண்டு டயரும் சேர்ந்து 1,120 கிலோ என்ற வரம்பு, சரியான காற்று இருந்தால் மட்டும். முழு பாரத்துக்கான காற்றழுத்தம் கதவுத் தூணில் ஒட்டிய சீட்டில் தனியாக இருக்கும், பின்டயருக்குக் கூடுதலாக. காலையில் டயர் குளிர்ந்திருக்கும்போதே பிடியுங்கள். வெயிலுக்குக் காற்றைக் குறைத்து வைப்பது இங்கே பல பங்க்சர் கடைகளில் இன்னும் சொல்லப்படும் யோசனை. காற்று குறைந்த டயர் அதிகமாக மடங்கி, அதிகமாகச் சூடேறி, ஓமலூருக்கும் நாமக்கல்லுக்கும் இடையே நேரான நாற்கரச் சாலையில் வெடிக்கும்.

கொக்கி மாட்டும் இடம்

பாடி கட்டும் பட்டறைகளுக்கு நாமக்கல் பேர்போனது. எதையும் வெல்டு வைத்துக் கொடுக்கும் கைகள் அங்கே உண்டு. கொக்கி கேட்டால் அரை நாளில் அடித்துத் தருவார்கள், உறுதியாகவும் இருக்கும். கொக்கி உடையாது. அது பிடித்திருக்கும் இடம் என்ன ஆகும் என்பதைப் பார்க்க வேண்டும்.

குவாலிஸ், டவேரா, இன்னோவா, கிரிஸ்டா வரை வந்தவை லாரியைப் போலத் தனி சேஸிஸ் மேல் உட்கார்ந்த வண்டிகள், பின்சக்கர இழுவை. எர்டிகா, டிரைபர், கேரன்ஸ், ஹைகிராஸ் எல்லாம் தனி சேஸிஸ் இல்லாதவை. உடல்கூடே சேஸிஸ், இழுவை முன்சக்கரத்தில். மராஸோ மட்டும் சேஸிஸும் முன்சக்கர இழுவையும் சேர்ந்த கலப்பு. சேஸிஸ் வண்டியில் கொக்கிக்குப் பிடிக்க ஒரு கனத்த இரும்பு இருக்கிறது. மற்றவற்றில் டிக்கித் தரையின் மெல்லிய தகடுதான். விபத்தில் மடங்கி ஆட்களைக் காப்பாற்றுவதற்கென்றே வடிவமைத்த பகுதி அது. அங்கே விறைப்பான இரும்பு வைத்து வெல்டு செய்தால் பின்னால் இடி விழும்போது அது மடங்காமல் அடியை நேரே உள்ளே கடத்தும். மூன்றாவது வரிசையில் உட்கார்ந்திருப்பவர்கள் பெரும்பாலும் பிள்ளைகள்.

பாரம் எங்கே போகிறது என்பதையும் பாருங்கள். இரண்டு அச்சுக்கும் இடையே 2.7 மீட்டர், கொக்கி பின்னச்சுக்கு 1 மீட்டர் பின்னால் என்று வையுங்கள். கொக்கியில் 50 கிலோ அழுத்தினால் பின்னச்சில் ஏறுவது 50 அல்ல, ஏறக்குறைய 68. மிச்ச 18 கிலோ முன்னச்சிலிருந்து கழிந்து வந்தது. நெம்புகோல் கணக்கு. முன்சக்கர இழுவை வண்டிக்கு இது இரட்டை நட்டம். எந்தச் சக்கரம் இழுக்கிறதோ, எந்தச் சக்கரம் திரும்புகிறதோ, எந்தச் சக்கரம் அதிகமாகப் பிரேக் பிடிக்கிறதோ அதே சக்கரம் தரையிலிருந்து லேசாகிறது. மழை பெய்த மேட்டில் கிளம்பும்போது முன்டயர் வழுக்கிச் சுற்றுவது இதனால்தான்.

அதற்காகக் கொக்கிப் பாரத்தைக் குறைத்து, சாமானை டிரெய்லரின் பின்பக்கம் அடுக்கினால் வேறொரு ஆபத்து. வால் கனத்த டிரெய்லர் அறுபது எழுபது வேகத்தில் இடமும் வலமும் ஆட ஆரம்பிக்கும். பக்கத்தில் ஓர் ஆம்னி பஸ் உரசிக்கொண்டு கடந்தால் அந்தக் காற்றே போதும். ஆட ஆரம்பித்துவிட்டால் பிரேக்கை மிதிக்காதீர்கள், ஸ்டியரிங்கைத் திருப்பிச் சரிசெய்யப் பார்க்காதீர்கள். ஸ்டியரிங்கை நேராகப் பிடித்து, ஆக்சிலேட்டரிலிருந்து காலை எடுத்து, வேகம் தானாகக் குறையவிடுங்கள்.

சட்டம் சொல்வது சுருக்கமாக. தயாரிப்பாளர் கொடுத்த அமைப்பை மாற்றுவதை 52ஆம் பிரிவு கட்டுப்படுத்துகிறது. மீறினால் 182ஏ பிரிவில் ஆறு மாதம் வரை சிறை, அல்லது ஒவ்வொரு மாற்றத்துக்கும் 5,000 ரூபாய் அபராதம், அல்லது இரண்டும். டிரெய்லர் தனி வாகனம். அதற்குத் தனிப் பதிவு எண், தனிக் காப்பீடு, எரியும் பின்விளக்கும் இண்டிகேட்டரும் வேண்டும். பட்டறையில் அடித்து, எண் இல்லாமல் மாட்டிக்கொண்டு போகும் டிரெய்லர் யார் மேலாவது மோதினால் இழப்பீடு முழுக்க உங்கள் தலையில் வந்து விழக்கூடும்.

ஏற்காடு, கொல்லிமலை, தொப்பூர்

சமவெளியில் வாழ்கிறோம் என்றாலும் நம்மைச் சுற்றி மலை. சேலத்திலிருந்து ஏற்காட்டுக்கு 20 கொண்டை ஊசி வளைவு. காரவள்ளியிலிருந்து கொல்லிமலைக்கு 70. பெங்களூர் போய்த் திரும்பினால் தொப்பூர் கணவாய். வரம்பு என்ற சொல்லுக்கு இந்த மூன்று இடத்திலும்தான் முழுப் பொருள் தெரியும்.

ஏறும்போது கெடுவது கிளச்சும் கியர் எண்ணெயும். வளைவில் பஸ்ஸுக்கு ஒதுங்கி நின்று, பாரத்தோடு மேட்டில் மறுபடி கிளம்பும் ஒவ்வொரு முறையும் கிளச் பிளேட் தேயும். தீய்ந்த வாசனை வந்தால் பிளேட்டின் ஆயுளில் ஒரு பங்கு அந்த இடத்திலேயே போயிற்று. பல ஆட்டோமேட்டிக் வண்டிகளில் வாசனைகூட வராது, எண்ணெய் உள்ளே வெந்துகொண்டிருக்கும். டிரெய்லர் இருந்தால் இன்னொரு சிக்கல். கொண்டை ஊசியில் அது உங்கள் தடத்தில் வராது, உட்பக்கமாக வெட்டிக்கொண்டு வரும். கொல்லிமலையில் எதிரே பஸ் வந்து நீங்கள் பின்வாங்க வேண்டியிருந்தால் கொக்கியில் மடங்கிப் பாறையில் சாய்ந்துவிடும். அந்தச் சாலையில் குடும்ப வண்டியின் பின்னால் எதையும் மாட்டிப் போகவே கூடாது என்பது என் உறுதியான முடிவு. எத்தனை கைதேர்ந்த ஓட்டுநராக இருந்தாலும்.

இறங்கும்போதுதான் உயிர் விஷயம். ஏற்காடு ஊர் கடல்மட்டத்துக்கு 1,515 மீட்டர் உயரத்தில் இருக்கிறது. அடிவாரம் வரை சுமார் 1,000 மீட்டர் இறக்கம். 1,780 கிலோ வண்டி அவ்வளவு இறங்கும்போது வெளியாகும் ஆற்றல், 30 டிகிரியில் உள்ள 60 லிட்டர் தண்ணீரைக் கொதிக்கவைக்கப் போதுமானது. எஞ்சின் பிடிக்காத மிச்சம் முழுவதும் உள்ளங்கை அகலப் பிரேக் பேடுகளிலும் டிரம்களிலும்தான் சூடாக இறங்க வேண்டும். 500 கிலோ டிரெய்லரைச் சேர்த்தால் அது 77 லிட்டர். சின்ன டிரெய்லர்களுக்குப் பெரும்பாலும் சொந்தப் பிரேக் இருக்காது. அதன் பங்கும் உங்கள் பிரேக்குக்கே வரும். ஐரோப்பாவில் 750 கிலோவுக்கு மேல் போனால் டிரெய்லருக்கே பிரேக் கட்டாயம் என்று வைத்திருப்பது இதற்காகத்தான்.

சமதரையிலும் இதே கதைதான். அறுபது கிலோமீட்டர் வேகத்தில் பிரேக் மிதித்தால் 22 மீட்டரில் நிற்கும் வண்டி, பிரேக் தரும் விசை அதே அளவாக இருந்து பின்னால் 500 கிலோ சேர்ந்தால் 28 மீட்டர் ஓடித்தான் நிற்கும். ஆறு மீட்டர். ராசிபுரம் பைபாஸில் முன்னால் போகிற முட்டை வண்டி சட்டென்று நின்றால் அந்த ஆறு மீட்டர் எங்கிருந்து வரும்?

தொப்பூர் எல்லோரும் அறிந்த பாடம். தருமபுரியிலிருந்து சேலம் நோக்கி வரும் நீண்ட இறக்கத்தில், டீசல் மிச்சம் பிடிக்க நியூட்ரலில் விட்டு, பிரேக்கை மட்டும் நம்பி வரும் கனரக வண்டிகள் பிரேக் பிடிக்காமல் முன்னால் போகும் கார்களை நசுக்கியிருக்கின்றன. 2024 ஜனவரியில் நடந்த விபத்தின் கண்காணிப்புக் கேமராக் காட்சியைப் பார்க்காதவர்கள் இந்தப் பக்கம் குறைவு. குடும்ப வண்டிக்கும் விதி அதே விதி. எந்த கியரில் ஏறுவீர்களோ அந்த கியரில் இறங்குங்கள். ஆட்டோமேட்டிக்கில் எல் அல்லது கைமுறை நிலைக்கு மாற்றுங்கள். பிரேக்கை மிதித்தபடியே வராமல், அழுத்தி வேகத்தைக் குறைத்து, விட்டு, ஆறவிட்டு, மறுபடி அழுத்துங்கள். பெடல் வழக்கத்தைவிட ஆழமாகப் போவதாகத் தோன்றினால் அடுத்த அகலமான இடத்தில் நிறுத்துங்கள். சூடான டிஸ்க்கில் தண்ணீர் ஊற்றாதீர்கள், வளைந்துவிடும். அரை மணி நேரம் நின்று டீ குடித்துவிட்டுக் கிளம்பலாம். பிரேக் எண்ணெய் காற்றிலுள்ள ஈரத்தை உறிஞ்சும். ஈரம் கலந்த எண்ணெய் சீக்கிரம் கொதிக்கும். இரண்டு ஆண்டுக்கு ஒரு முறை மாற்றுங்கள். சர்வீஸ் பில்லில் அது இருக்கிறதா என்று பார்த்தே மலைக்குப் புறப்படுங்கள்.

நின்றுபோன வண்டியை இழுக்கும்போது

டிரெய்லர் மாட்டாதவருக்கும் ஒரு நாள் வரும் வேலை இது. மாமன் மகன் வண்டி வழியில் நின்றுவிட்டது, கயிறு கட்டி இழுத்து வா என்று போன் வரும்.

தேசிய நெடுஞ்சாலையில் என்றால் முதலில் 1033ஐ அழையுங்கள். மீட்பு வண்டி வரும்வரை, வண்டிக்குள் உட்காராமல் சாலைத் தடுப்புக்கு அப்பால் நில்லுங்கள். காப்பீட்டோடு சாலையோர உதவி சேர்த்து வாங்கியிருந்தால் தட்டையான மீட்பு லாரியை அவர்களே அனுப்புவார்கள். நின்றுபோனது ஆட்டோமேட்டிக்கோ ஹைப்ரிட்டோ என்றால் கயிறு வேண்டவே வேண்டாம். இயக்கச் சக்கரம் தரையில் உருண்டால் கியர்பாக்ஸ் போகும். லாரியின் மேல் ஏற்றித்தான் கொண்டுபோக வேண்டும்.

மேனுவல் வண்டி, உள்ளூர்ச் சாலை, பட்டறை பக்கத்தில் என்றால் மட்டும் கயிறு. இரண்டு வண்டிக்கும் இடையே 5 மீட்டருக்கு மேல் இடைவெளி இருக்கக் கூடாது என்பது விதி. கயிற்றின் நடுவில் ஒரு சிவப்புத் துணியைக் கட்டுங்கள். டூவீலர்காரர் இரண்டு வண்டிக்கும் நடுவே புகுந்துவிடுவார். பின்வண்டியில் உரிமம் உள்ளவர் உட்கார வேண்டும், சாவி ஆன் நிலையில் இருக்க வேண்டும். இல்லாவிட்டால் ஸ்டியரிங் பூட்டிக்கொள்ளும். எஞ்சின் ஓடாததால் இரண்டு மூன்று மிதிக்குப் பிறகு பிரேக் கல்லாகிவிடும், ஸ்டியரிங்கும் கனக்கும். பின்னால் உட்காருபவருக்கு இதைக் கிளம்பும் முன் சொல்லுங்கள். மணிக்கு இருபது கிலோமீட்டருக்கு மேல் போகாதீர்கள். கயிறு தொய்ந்து பின் சுண்டினால் வண்டியின் எடையைப் போல் சில மடங்கு விசை ஒரே கணத்தில் கொக்கியில் இறங்கும். ஜாக்கியோடு தருகிற திருகு வளையத்தை அதற்கென்று உள்ள துளையில் முழுக்கத் திருகுங்கள். அரைகுறையாகத் திருகியது பிடுங்கிக்கொண்டு வந்தால் கண்ணாடியை உடைத்து உள்ளே போகும். சில வண்டிகளில் பின்பக்க வளையம் லாரியில் ஏற்றிக் கட்டுவதற்கு மட்டும்தான். கையேட்டில் பார்த்துக்கொள்ளுங்கள். பம்பரிலோ சஸ்பென்ஷன் ஆர்மிலோ கயிறு கட்டாதீர்கள்.

வழக்கமான தனியார் கார் பாலிசியில் இதற்கென்று ஒரு பத்தி இருக்கிறது, யாரும் படிப்பதில்லை. பழுதான ஒரு வண்டியை உங்கள் வண்டி இழுக்கும்போதும் மூன்றாம் நபருக்கான காப்பு தொடரும், கூலி வாங்காமல் இழுத்தால். டீசலுக்கு என்று ஐந்நூறு ரூபாய் வாங்கினால் அதுவே வழக்கில் கூலி என்று பேசப்படலாம். இழுத்து வரும் வண்டிக்கு ஏற்படும் சேதத்துக்கு எப்படியும் அந்தப் பத்தியில் காப்பு கிடையாது.

இவ்வளவும் படித்த பிறகும் ஜெனரேட்டரையும் பவர் டில்லரையும் கொண்டுபோகத்தான் வேண்டும். சேலம், நாமக்கல், ராசிபுரம், ஆத்தூர் எந்த ஊர் ஸ்டாண்டிலும் குட்டி யானை வாடகைக்கு நிற்கும். அதற்கு மஞ்சள் பலகை, சரக்கு ஏற்றும் அனுமதி, பட்டைச் சுருள், அந்த வேலைக்கென்றே அமைந்த பின்னச்சு எல்லாம் உண்டு. பாரம் முன்னால் அதில் போகட்டும். ஏழு பேரும் உங்கள் வண்டியில் பின்னால் போங்கள். கிளம்பும் முன் அதன் ஓட்டுநரிடமும் பாஸிங் எவ்வளவு என்று கேட்டுக்கொள்ளுங்கள்.